இடமிருந்து வலம்

ஓசெல்லா ரெய்னி எங்கே போய்விட்டு வந்தாலும் கதவைத் திறந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "வந்துட்டேன்பா." சமையலறையில் குளிர்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் படத்திடம் சொல்வாள். நாற்பத்து மூன்று வருடமாக இதே வழக்கம். வீடு மூன்று மாறிவிட்டது, குளிர்பெட்டி ஐந்து மாறிவிட்டது, புருஷன் ஒருத்தன் வந்து போய்விட்டான், படம் மட்டும் மாறவில்லை.

படத்தில் இருப்பவர் அவளுடைய அப்பா லூசியஸ் ரெய்னி. அகலமான முகம், அடர்ந்த புருவம், காமிராவை நேருக்கு நேர் பார்த்து லேசாக முறைக்கிற கண்கள். வேகாஸில், ஜாக்சன் தெருவில் பெலிகன் கிளப் என்று ஒன்று இருந்த காலத்தில் அங்கே இருபத்தொன்று என்கிற சீட்டாட்டத்துக்கு டீலராக நின்று சீட்டுப் போட்டவர். அப்போதெல்லாம் பெரிய வீதியில் இருந்த கேசினோக்களுக்குள் நம் கறுப்பு ஜனங்களைப் பாத்திரம் கழுவவும் படுக்கை விரிக்கவும் மட்டும்தான் விட்டார்கள். சீட்டைத் தொட வேண்டுமென்றால் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், வெஸ்ட்சைடில்தான் தொடலாம். ஓசெல்லா பிறந்த பதினோராவது மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் போகிற சாலையில் லாரி மோதி மனிதர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடமே அம்மாவும் நெஞ்சுநோயில் போனாள். ஆர்கன்சாவில் ஃபோர்டைஸ் என்கிற ஊரிலிருந்து பெரியம்மா டீனி ரயிலேறி வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு போனாள்.

அந்தப் பெரியம்மா லூசியஸைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தங்கை சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்ற ஆத்திரம் அவளுக்குச் சாகிறவரை ஆறவில்லை. அப்பா எப்படி இருப்பார் என்று ஓசெல்லா கேட்டால், "ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. போய்ப் படி" என்பாள். வீட்டில் ஒரு படம் கிடையாது, ஒரு கடிதம் கிடையாது.

பத்தொன்பது வயதில் ஓசெல்லா பஸ் ஏறி வேகாஸ் வந்தாள். பெலிகன் கிளப் அதற்குள் எரிந்து சாம்பலாகி, அந்த இடத்தில் கார் டயர் விற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரித்துக்கொண்டே எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தாள். காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகக் கிடந்த பழைய தாள்களுக்கு நடுவில் கிளப்பின் முதலாண்டு நிறைவு மலர் ஒன்று கிடந்தது. நான்காம் பக்கத்தில் இரண்டு டீலர்கள் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு வெட்டிய படம். கீழே அச்சில்: 'இடமிருந்து வலம்: லூசியஸ் ரெய்னி, ஹார்டின் போல்க்.'

வலப்பக்கத்து ஆள் படத்தைக் கெடுத்துவிட்டிருந்தான். விளக்கு பளிச்சென்று அடித்ததில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றான். ஓசெல்லா அந்தப் பக்கத்தை ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். இடப்பக்கத்து முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னாள். கடைக்காரர், "அடுத்தாளோட தோள் கொஞ்சம் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். "வேண்டாம், அதையும் எடுத்துடுங்க" என்றாள். அவர் கத்தரிக்கோலால் பக்கத்தைச் சரி பாதியாக வெட்டினார். கண்மூடியவன் இருந்த பாதி கடையின் குப்பைக்கூடையில் விழுந்தது.

அன்றிலிருந்து எல்லாம் அப்பாவைக் கேட்டுத்தான். டீலர் பள்ளியில் சேர்ந்தது அவரைக் கேட்டு. எல்ராய் கிறிஸ்ப்பைக் கட்டிக்கொண்டது அவரைக் கேட்டு. பதினோரு வருடம் கழித்து அவனை வெளியே போகச் சொன்னதும் அவரைக் கேட்டுத்தான். அந்த முறைப்பில் அவளுக்கு வேண்டிய பதில் எப்போதும் இருந்தது.

*

பல்கலைக்கழகத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். காரை ஓட்டிக்கொண்டு போனவன் அந்த எல்ராய்தான். விவாகரத்து ஆகி முப்பது வருடம் ஆகப்போகிறது, ஆனாலும் அவள் கண் மருத்துவரிடம் போகவேண்டுமென்றாலும் சரி, கெளுத்தி மீன் வாங்கப் போகவேண்டுமென்றாலும் சரி, அவன் கார்தான். தேவாலயத்துப் பெண்கள் இதைப் பற்றிப் பேசாத ஞாயிறு இல்லை.

"வியாழக்கிழமை உன்னை நிக்கவச்சுப் படம் புடிப்பாங்க, தெரியுமில்ல?" என்றான் எல்ராய். "கண்ணை முழிச்சுக்கிட்டு நில்லு. நம்ம கல்யாணப் படம் ஒண்ணுலகூட உனக்குக் கண்ணே கிடையாது. குருட்டுப் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்கன்னு எங்க அம்மா அழுதுச்சு."

"உங்கம்மா நீ பொறந்தப்பயிருந்து அழுதுச்சு."

"ஷெரீப் ஆபீஸ்ல உன் கேசினோ வேலை அட்டைக்கு எத்தனை தடவை படம் எடுத்தான்? நாலா?"

"மூணு. ரோட்டைப் பாத்து ஓட்டு."

விஷயம் இதுதான். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கு ஹேகன் என்ற புகைப்படக்காரரின் பழைய நெகட்டிவ்கள் பதினோராயிரம் வந்து சேர்ந்திருந்தன. ஹேகன் கூலிக்குப் படமெடுத்தவர். கேசினோக்காரர்கள் கூப்பிட்டால் கேசினோ, கல்லூரிக்காரர்கள் கூப்பிட்டால் கல்லூரி, கல்யாணம், சாவு, எது வந்தாலும் எடுப்பார். பாலைவனத்து மணலில் பல்கலைக்கழகம் கட்டிய முதல் கட்டடத்தை இந்தக் கோடையில் இடிக்கப் போகிறார்கள். இடிப்பதற்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு கண்காட்சி: போய்விட்ட கேசினோக்களும், போகப்போகிற கல்லூரிக் கட்டடங்களும். வெஸ்ட்சைடில் எடுத்த படங்கள் மொத்தமே ஒன்பது தேறின. அதில் ஒன்று பெலிகன் கிளப்புக்குள்ளே எடுத்தது. தேவாலயம் தேவாலயமாகப் போய் விசாரித்து ஓசெல்லாவைக் கண்டுபிடித்தவள் காப்பகத்தில் வேலை செய்யும் கோரீன் ஆஷ்பி. வியாழக்கிழமை திறப்புவிழாவில் ஓசெல்லா அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். பேச்சை எழுதி, குளிர்பெட்டிக்கு மேலே இருந்தவரிடம் படித்துக்காட்டியாகிவிட்டது.

கோரீன் வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்பது வயது, கழுத்தில் கண்ணாடிக் கயிறு, தரைக்கு வலித்துவிடுமோ என்று பயந்த மாதிரி மெல்லிய நடை.

"மிஸ் ஓசெல்லா, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். நீங்க பாக்கறதுக்கு முன்னாடி வேற யாருக்கும் காட்டலை" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சுவர் முழுக்கப் படங்கள். நீச்சல் குளத்துக்குள் மிதக்கிற சூதாட்ட மேஜை, இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரிக்கிற சீமான்கள். ஒட்டகப் பொம்மை வாசலில் நிற்கிற ஒரு கேசினோ. முட்புதருக்கு நடுவில் தன்னந்தனியாக ஒரு கல்லூரிக் கட்டடம், அதன் முன்னால் மூன்றே மூன்று கார்கள். எல்ராய் ஒவ்வொரு கேசினோவாக விரலை நீட்டிக்கொண்டே வந்தான். "இதுல ரெண்டு வருஷம். இதுல ஏழு மாசம், மேனேஜரோட சண்டை. இதை வெடி வச்சு இறக்கினப்ப நாற்காலி போட்டு உக்காந்து பாத்தோமே, செல்லா, நீ பொரிச்ச கோழி கொண்டாந்தே." எங்கள் ஊரில் ஒரு கட்டடம் முப்பது வயதைத் தாண்டினால் பாவம், அதற்கு நாள் குறித்துவிடுவார்கள். ஜனங்களும் சாப்பாடு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவார்கள்.

கடைசி அறையில், தரையிலிருந்து கூரைவரை, பெலிகன் கிளப்.

மலரில் தோளோடு வெட்டியிருந்த படம் இங்கே முழுசாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேஜைகள், பின்னால் இரண்டு டீலர்கள், ஆளுயரத்துக்கு. இடப்பக்கம் அவளுடைய முறைப்புக்கார முகம், ஐந்தடிக்கு மேலே நின்று அவளைப் பார்த்தது. வலப்பக்கம் கண்மூடிக்காரன். கீழே அதே வரி, அதே வரிசை. ஓசெல்லா முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு தோளை, பிறகு இதுவரை பார்த்தே இராத கைகளை.

முப்பத்தெட்டு வருடம் சீட்டுப் போட்டவளுக்கு முகத்தைவிடக் கை நன்றாகப் பேசும்.

சீட்டுக்கட்டு வலக்கையில் இருந்தது.

டீலர் கட்டை இடக்கையில் பிடிப்பான், வலக்கையால் சீட்டை எடுத்துப் போடுவான். பிறவியிலேயே இடக்கைக்காரனாக இருந்தாலும் பள்ளியில் விரலை முறித்தாவது மாற்றிவிடுவார்கள். திருட்டு நடக்கிறதா என்று மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு எல்லா மேஜையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்கு விதிவிலக்கே கிடையாது. சரி, வெஸ்ட்சைடு கிளப்தானே, ஒருத்தனை விட்டிருப்பார்கள் என்று அடுத்த ஆளைப் பார்த்தாள். அவன் கையிலும் கட்டு வலக்கையில்தான். ஆடி முடித்த சீட்டுகள் டீலருக்கு வலப்பக்கம் கிடக்க வேண்டும். இரண்டு மேஜையிலும் இடப்பக்கம் கிடந்தன.

படம் இடம் வலமாக மாறியிருந்தது. அப்படியென்றால் இடப்பக்கம் நிற்கிறவன் உண்மையில் வலப்பக்கம் நின்றவன். அவன் ஹார்டின் போல்க்.

"எப்படியிருக்கு?" என்றாள் கோரீன். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. "உங்களுக்கும் அவருக்கும் அந்த நெத்தி, அந்தப் புருவம், அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

"ஆமா" என்றாள் ஓசெல்லா. "எல்லாரும் சொல்லுவாங்க."

கால் வலிக்கிறது என்று சொல்லி வெளி நடையில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. எதிரே தண்ணீர்க் குழாயில் ஒருத்தி பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரம்பி வழிகிறவரை ஓசெல்லா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் படம் கிடைத்த முடிதிருத்தும் கடையின் ஓட்டிஸ் கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். பெரிதாக்கிய படத்தை ஸ்டூடியோவிலிருந்து வாங்கிய கையோடு, அவரிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, "இது ஹார்டின் ஆச்சே, பாப்பா. லூசியஸ் இப்படி உர்ருன்னு இருக்க மாட்டானே" என்றார். காலை பத்து மணிக்கே அவரிடம் விஸ்கி வாடை அடித்தது. "அச்சுல போட்டிருக்கு பாருங்க. புஸ்தகம் பொய் சொல்லுமா?" என்றாள் அவள். கிழவர் தோளைக் குலுக்கிவிட்டு, "சரி, புஸ்தகத்துக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது" என்று அடுத்த தலையைக் கவனிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. குடிகாரக் கிழவன் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தாள். கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள். ஆனால் அச்சில் கண்டது பொய்யாகும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்?

எல்ராய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கட்டு வலக்கையில இருக்கு" என்றான்.

"நீயும் பாத்தியா?"

"பகடை மேஜையில நின்னவன்தான், ஆனா குருடன் இல்லையே. நீ சொல்றியான்னு பாத்தேன். சொல்லலைன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. வியாழக்கிழமை பேசுவ, கேக் சாப்பிடுவோம், வீட்டுக்குப் போவோம். இந்தப் படத்துல இருக்கறது யாருன்னு சொல்ல இந்த உலகத்துல இன்னும் யாரு உசுரோட இருக்கா?"

அதுதான் அவளைக் குத்தியது. யாரும் இல்லை. சொல்லாமல் விட்டால் லூசியஸ் ரெய்னி என்கிற மனிதர் ஹார்டின் போல்க் என்ற பெயரோடு காப்பகப் பெட்டிக்குள் போய்விடுவார். போனால் போனதுதான். சொன்னால், நாற்பத்து மூன்று வருடம் அவளோடு சமையலறையில் இருந்த அப்பா போய்விடுவார். இரண்டில் எதையும் அவளால் தாங்க முடியாது. தாங்கவும் வேண்டியிருக்கவில்லை, அவளுக்குத்தான் எதுவுமே தெரியவில்லையே, எல்லாம் மரத்துக் கிடந்ததே.

"அந்தப் பாதியைக் குப்பையில போட்டுட்டேன், எல்ராய். நான்தான் வெட்டச் சொன்னேன். அவர் தோள்கூட வேண்டாம்னேன்."

எல்ராய்க்கு வாயைத் திறந்தால் ஏதாவது நக்கல் வரும். அன்றைக்கு வரவில்லை.

"நீ அப்ப சின்னப்புள்ள" என்றான்.

*

கோரீன் முதலில் நம்பவில்லை. நம்பவில்லை என்பதைவிட, நம்பினால் தன் கதி என்ன என்று பயந்தாள்.

"மிஸ் ஓசெல்லா, மலரோட ஒத்துப் பாத்துத்தான் போட்டிருக்கோம். மலர்ல இப்படித்தான் இருக்கு."

"மலர்ல தப்பு, கண்ணு."

"அறுபது வருஷமா யாரும் சொல்லலையே?"

"ஒருத்தர் சொன்னாரு. நான்தான் கேக்கலை. நீ அந்த நெகட்டிவை எடு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கா வந்தேன் நான்?"

மூவரும் நூலகத்தில் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். கோரீன் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். மஞ்சளாகிப்போன உறைக்குள்ளிருந்து மூன்று படம் கொண்ட ஒரு துண்டுச் சுருளை எடுத்து, வெளிச்சம் வருகிற கண்ணாடி மேஜையில் வைத்தாள். ஹேகன் ஒரே நாளில், ஒரே சுருளில் எடுத்திருந்தார்: பகலில் கல்லூரிக் கட்டடம், பிறகு பெலிகன் கிளப். முதல் படத்தில் இவர்கள் சற்று முன் நின்றுவிட்டு வந்த அதே கட்டடம், வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் பெயர், அதன் கீழே ஒரு ஏணி. சுருள் கவிழ்ந்து கிடக்கக்கூடாது என்று கோரீன் அதைப் பெயர் நேராகப் படிக்க வருகிற மாதிரி வைத்தாள். மூவரும் குனிந்து நடுவில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்தன. ஆனாலும் தெரிந்தது. இரண்டு டீலர்களுக்கும் கட்டு இடக்கையில்.

கோரீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல சரியாத்தான் வந்துச்சு" என்றாள் மெதுவாக. "கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ சரியாத்தான் இருந்துச்சு. மலரை வச்சுப் பாத்தா மாறியிருந்துச்சு. நாமதான் தப்பா வச்சுட்டோம்னு நெனச்சு நானே திருப்பிட்டேன். கோட்டுப் பை வலப்பக்கம் இருக்கே, அதையாவது பாத்திருக்கலாம். அச்சுல வந்ததுதானே சரியா இருக்கும்னு…"

"எனக்கும் அதே நெனப்புதான்" என்றாள் ஓசெல்லா.

உறையின் மேல் ஹேகனின் பென்சில் கிறுக்கல் மங்கலாக இருந்தது. இடது ரெய்னி, வலது போல்க். அவர் சரியாக எழுதியிருக்கிறார். அச்சகத்தில் எவனோ நெகட்டிவைக் கவிழ்த்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறான். அவன் பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்காது.

கோரீன் திரையில் படத்தைத் திருப்பினாள். ஒரு பொத்தானை அழுத்தியதும் இரண்டு ஆட்களும் இடம் மாறிக்கொண்டார்கள். கண்மூடிக்காரன் இடப்பக்கம் வந்து நின்றான். ஒல்லி, பெரிய காதுகள், முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. கண்கள் இறுக மூடியிருந்தன.

"இதே நேரத்துல இன்னொரு படம் எடுத்திருப்பாரா?" என்று கேட்டாள் ஓசெல்லா. "கண்ணு தொறந்த மாதிரி?"

கோரீன் மூன்றாவது படத்தைப் பார்த்தாள். பெலிகன் கிளப்பின் வாசல், ஆள் இல்லை. மறுபடியும் உறையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அடுத்த உறையையும் பிரித்துப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இந்த ஒண்ணுதான், மிஸ் ஓசெல்லா."

ஓசெல்லா எழுந்தாள். எழுந்ததும் அவள் கைகள் தாமாகவே ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, புறங்கையைக் காட்டின. மேஜையை விட்டுப் போகும்போது எதையும் எடுத்துப் போகவில்லை என்று டீலர்கள் காட்டுவது அது. வேலையை விட்டு ஒரு வருடமாகியும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. கோரீனுக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்த எல்ராய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதவருகில் நின்று ஓசெல்லா ஒன்று கேட்டாள்.

"போல்க் வீட்டு ஆளுங்க யாராவது வந்தாங்களா? பொண்ணு, பேரன், யாராவது?"

"எவ்வளவோ தேடினேன். அந்தப் பேர்ல யாருமே கிடைக்கலை. அவரைத் தேடி யாரும் வந்ததும் இல்ல."

*

வியாழக்கிழமைக்குள் கோரீன் எப்படியோ புதுப் படத்தை அச்சடித்து மாட்டியிருந்தாள். கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. பல்கலைக்கழகத்துப் பெரியவர் ஒருவர் நகரத்தின் நினைவைப் பற்றிப் பேசினார், இடிக்கப்போகிற தேதியைப் பற்றிப் பேசவில்லை. ஓசெல்லா எழுதிவைத்திருந்த பேச்சைக் கைப்பையிலேயே விட்டுவிட்டாள். 'அந்தக் கண்களின் கண்டிப்பில் வளர்ந்தேன்' என்று தொடங்குகிற பேச்சு அது. அதை இப்போது எங்கே போய்ப் படிப்பது?

"இவர் என் அப்பா லூசியஸ் ரெய்னி" என்று இடப்பக்கத்து ஆளைக் காட்டினாள். "அவர் ஹார்டின் போல்க். ரெண்டு பேரும் நல்லா சீட்டுப் போட்டாங்கன்னு கையைப் பாத்தாலே தெரியுது. அவ்வளவுதான்." கைதட்டினார்கள்.

தேவாலயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அவள் வீட்டுக்கு வந்து சோளரொட்டி தின்றுவிட்டு, குளிர்பெட்டிக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்து, புருவம் அப்படியே இருக்கிறது என்று சொன்னவர்கள். இப்போது அண்ணாந்து பார்த்தார்கள். "அந்தக் காது அப்படியே உன் காதுதான், ஓசெல்லா" என்றார்கள். ஓசெல்லா ஆமாம் என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. முகத்தைக் கொடுத்தால் ஜனங்கள் ஜாடையைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள், அவர்கள் மேல் என்ன தப்பு?

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். ஓசெல்லா நின்றாள். எல்ராய் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, கண்ணைத் திற என்பதுபோல இரண்டு விரலால் தன் இமைகளை விரித்துக் காட்டினான். விளக்கு பளிச்சென்று அடித்தது.

பத்திரிகைக்காரப் பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கண்ணை மூடிட்டீங்க, மேடம். இன்னொண்ணு எடுத்துக்கலாம்."

ஓசெல்லா பக்கத்தில் இருந்தவரை அண்ணாந்து பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றவரை. எல்ராய் விரல்களை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டான். அவனும் அதே சமயத்தில்தான் பார்த்திருக்க வேண்டும்.

"வேண்டாம்" என்றாள். "அதையே போடுங்க."

எல்ராய் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நாளைக்கு வா என்றாள். கோரீன் கொடுத்தனுப்பிய படம் ஒரு காகிதக் குழாய்க்குள் சுருட்டிக் கிடந்தது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வார்த்தை வாய்வரை வந்து நின்றது. குளிர்பெட்டிக்கு மேலிருந்து அதே கண்கள் அவளை அதே மாதிரி முறைத்தன. பள்ளியில் சேரச் சொன்னவர், எல்ராயைப் போகச் சொன்னவர், பெரியம்மா செத்த செய்தி வந்த அன்று விடிய விடியக் கூட இருந்தவர். இவருக்கு ஒரு பெண் இருந்தாளோ என்னவோ, தெரியாது. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. கழற்றினால் போக அவருக்கு வேறு சுவர் கிடையாது.

"வந்துட்டேன், மிஸ்டர் போல்க்" என்றாள்.

காகிதக் குழாயை மேஜைமேல் வைத்தாள். ஒரு குவளை தண்ணீர் குடித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழாயின் மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, நாற்பத்து மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் யாரைக் கேட்டாளோ, அவரையே நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா வந்திருக்காரு" என்றாள். "அவரை எங்க மாட்டட்டும், நீங்களே சொல்லுங்க."